சாரலில் வாங்கிய கோடாலி

குரல் பதிவுகளை இரட்டை வேகத்தில் கேட்பது என் வழக்கம். அன்று தென்காசிப் பேருந்து நிலையத்தில், வராத பேருந்தைத் திட்டிக்கொண்டு, சாரலுக்குக் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றிருந்தேன். நம் சனிக்கிழமைக் குழுவில் பட்டாளத்து அண்ணாச்சியின் பதிவு வந்தது. வழக்கம்போல வேகத்தைக் கூட்டிக் காதில் வைத்தேன். "எல்லாரும் கேளுங்க. நம்ம சிவகாமி டீச்சர் போயிட்டாவ. காலையில நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." அண்ணாச்சியின் கரகரத்த குரல் பொம்மை பேசுவதுபோல் கீச்சென்று ஓடி முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் என்ன சொன்னார் என்பது மண்டையில் ஏறியது. வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை கேட்டேன். சாவுச் செய்தியைக்கூட நிதானமாகக் கேட்கத் தெரியாத ஆள் நான். டீச்சரிடம் இதைச் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

பெண்கள் பள்ளி ஒன்றில் தாவரவியல் நடத்தியவர் அவர். நான் வேறொரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு மாசியிலும் இலஞ்சியில் அண்ணாச்சியின் சம்பந்தி தோப்பில் கூடாரம் போட்டு, விறகு பிளந்து, நாமே பொங்கித் தின்று இரண்டு நாள் தங்கிவரும் ஏழு பேர் நாம். இனி ஆறு பேர். என்னைத் தவிர்த்த உங்கள் ஐந்து பேருக்காகவும் டீச்சரின் மகள் கோமதிக்காகவும் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் பேச எழுந்தவன், "நல்ல மனுஷி" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி கண்ணைத் துடைத்தபடியே சொன்னார்: "கோடாலி ஒண்ணைத்தான் பாத்து வாங்கத் தெரியாது. மத்தபடி தங்கம்லா அவ." எல்லோரும் அழுகையினூடே சிரித்தார்கள். கோமதியும் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். முகாமுக்கென்று கைக்கு அடக்கமாக ஒரு கோடாலி வேண்டுமென்று முடிவானது. கூடார முளை சீவ, சுள்ளி பிளக்க, பையில் போட்டுத் தூக்கிப் போக. அதை வாங்கிவரும் வேலையை டீச்சரிடமும் என்னிடமும் ஒப்படைத்தீர்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் இரும்புக் கடை. நான் கண்ணில் பட்ட முதல் கோடாலியை எடுத்து, "இது போதும், கிளம்புவோமா?" என்றேன். டீச்சர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொன்றாக எடுத்தார். காம்பு தன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கிறதா என்று அளந்தார். கையை நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு ஐம்பது வரை எண்ணினார். "கை நடுங்குனா அது நமக்கு ஏத்த கோடாலி இல்ல, சார். வெயிட்டா இருந்தா நல்லா வெட்டும்னு நினைப்பாவ. களைச்ச கையிலதான் காயம் படும்." காம்பின் அடியைத் திருப்பி மரத்தின் ரேகை பார்த்தார். வெட்டுவாய் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ரேகையும் ஓட வேண்டுமாம், குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியுமாம். நான் அதற்குள் இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அப்பாடா என்று நான் பையைத் திறந்தேன். அவர் அதைத் திரும்பவும் வைத்துவிட்டார்.

"இப்போ வாங்க வேண்டாம். சாரல்ல ஊறிப் போயிருக்கு காம்பு. இந்த மாசத்துல எந்தக் கோடாலியை ஆட்டினாலும் இறுக்கமாத்தான் இருக்கும். பங்குனியில காஞ்ச பொறவு வந்து ஆட்டிப் பாப்போம். அப்பவும் ஆடலைன்னா அது கோடாலி."

"ஒரு கோடாலிக்கு எட்டு மாசமா டீச்சர்?"

"என்ன சார் இப்படிப் பறக்கிய? வர்ற மாசிக்குப் பழைய வெட்டருவா போதாதா?"

மறுநாள் சாயங்காலம் நான் மட்டும் போய் அந்தக் கோடாலியை வாங்கிவந்தேன். இதை உங்களில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. குழுவில் படத்தைப் போட்டு, "டீச்சர் தேர்ந்தெடுத்தது" என்று எழுதினேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் அதில் இருந்த கயவாளித்தனம். அவர் பெயரைச் சொன்னால் ஏன் எதற்கென்று யாரும் கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். டீச்சர் அதைப் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை.

மாசி வந்தது. சாரல் மறந்து, காற்று வறண்டு கிடந்த நாள்கள். முகாமுக்கு முதலில் வந்து சேர்ந்தவன் நான். கோடாலியை எடுத்து ஆட்டினேன். தலை லொடலொடவென்று ஆடியது. ஓர் ஆப்பு சீவி அடித்திருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குப் பொறுமை ஏது? தோப்பு வாய்க்காலில் அரை மணி நேரம் ஊறப் போட்டேன். காம்பு உப்பிக்கொண்டது, ஆட்டம் நின்றது. சாயங்காலம் டீச்சர் வந்தவுடன் கோடாலியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். "பரவாயில்லையே சார், உங்க அவசரம் ஜெயிச்சிட்டே" என்றார். எனக்கு வாய் திறக்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் அடுப்புக் கல்லைத் தேடுவதுபோல் நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் உச்சி வெயில் வரை அது வெட்டவெளியில் கிடந்து காய்ந்தது. மதியச் சோற்றுக்கு விறகு பிளக்க வேண்டும். "டீச்சர் பாத்து எடுத்த கோடாலி, அவங்களே பிளக்கட்டும்" என்று எல்லோருமாகச் சேர்ந்து அவர் கையில் கொடுத்தீர்கள். மூன்றாவது முறை ஓங்கியபோது தலை கழன்று பின்னால் பறந்தது. அங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் முழங்காலில் விழுந்தது. ஏழு தையல். சண்டையில் கீறல்கூடப் படாமல் திரும்பிய மனிதர், வெங்காயக் கையோடு ஆட்டோவில் ஏறினார். அன்று அவர் வைத்த பெயர்தான் "பறக்கும் கோடாலி". ஆறு ஆண்டுகளாக டீச்சரை அப்படித்தான் கூப்பிட்டோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆட்டோ போன பிறகு டீச்சர் வெறும் காம்பை எடுத்து, தலை இருந்த நுனியை மோந்து பார்த்தார். "வாய்க்கால் தண்ணி வாடை அடிக்கி, சார்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஒரு சாண் மேல பட்டிருந்தா என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணாச்சிகிட்ட நீங்களே சொல்லிருங்க டீச்சர்" என்றேன். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள், அதையும் அவர் தலையிலேயே கட்டப் பார்த்தேன்.

"நான் சொன்னா அது கோள் சொல்லுதது. நீங்க சொன்னாத்தான் அது சொல்லுதது. சொல்லுங்க, நான் இருக்கேன்லா."

அடுத்த மாதமே, பங்குனி வெயிலில், அதே கடைக்குப் போய் இன்னொரு கோடாலி எடுத்தார். நாம் இன்றுவரை பிளப்பது அதில்தான். ஒருமுறைகூட அது ஆடியதில்லை என்பதை நீங்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மாசியிலும் அண்ணாச்சி விறகருகே வந்ததும் பழைய கேலியை ஆரம்பிப்பார். டீச்சர் சிரித்துக்கொண்டே, "ஆமா அண்ணாச்சி, அன்னைக்கு எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்பார். சொல்லிவிட்டு என்னை ஒருமுறை பார்ப்பார். கோபமில்லாத பார்வை. அதுதான் தாங்க முடியாது. போன மாசியில் பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: "எல்லாத்துக்கும் பறப்பிய. இது ஒண்ணுக்கு மட்டும் ஆற அமர இருக்கிய, சார்." அடுத்த முகாமில் சொல்லிவிடுகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். அந்த முகாமுக்கு இனி அவர் இல்லை.

அண்ணாச்சி, உங்கள் முழங்காலில் தையல் விழுந்தது என்னால். கோமதி, உன் அம்மாவுக்குக் கோடாலி பார்க்கத் தெரியும். தென்காசியில் அவரைப்போல் பார்த்து வாங்கியவர் வேறு யாரையும் நான் கண்டதில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கிளம்பும்போது கோமதி உள்ளே போய், டீச்சர் துணி சுற்றி வைத்திருந்த அந்தப் பங்குனிக் கோடாலியை எடுத்துவந்து நீட்டினாள். "அம்மா ஞாபகமா நீங்க வச்சுக்கிடுங்க சார்." நான் வாங்கவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. அது குழுவின் கோடாலி, மாசியில் தோப்புக்கு வரட்டும். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. எனக்குச் சேர வேண்டியதை ஆறு ஆண்டுகள் அவர் சிரித்தபடி சுமந்தார். பறக்கும் கோடாலி என்று இனி என்னைக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கிறேன்.