வல்லாரைக்குள் ஒரு வெளிச்சம்

புற ஊதா விளக்கின் இருட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வல்லாரைச் சாற்றிலுள்ள பொருட்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்க ஓடவிட்ட தகட்டில், வழக்கமான புள்ளிகளுக்கு நடுவே இருக்கக் கூடாத ஒன்று மஞ்சளாகச் சுடர்விட்டது. நான் படித்த எந்தக் கட்டுரையிலும் வல்லாரைக்கு அப்படியொரு புள்ளி இல்லை. இத்தாலியின் பலெர்மோவில் என் ஆய்வு வேலை முடிய மூன்று மாதம்தான் மிச்சம். வல்லாரையில் உருப்படியாக ஏதாவது கிடைத்தால்தான் ஒப்பந்தம் நீளும் என்று பேராசிரியர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். கிடைத்தே விட்டது. ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில், வெட்கமே இல்லாமல் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

தட்டில் வளர்த்த தோல் செல்களின் குறுக்கே ஒரு கோடு கீறி, சாறு விட்டதும் அந்தக் காயம் எவ்வளவு வேகமாக மூடுகிறது என்று பார்ப்பது அடுத்த சோதனை. மறுநாள் கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பேராசிரியர் கட்டுரைக்குத் தலைப்பு எழுதத் தொடங்கிவிட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த வல்லாரை, நான் அக்கா என்று கூப்பிடும் ஈழத்துப் பெண் ஒருவருடையது. போருக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவர். வியா மக்வேதா தெருவில் வயதான இத்தாலிய சின்யோரா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கபோ சந்தைக்கு மேலே நான்காம் மாடியில், மீன்காரர்கள் கழித்துப் போட்ட தெர்மோகோல் பெட்டிகளில் மண் நிரப்பி, தன் வீட்டுப் பால்கனி கொள்ளாமல் வல்லாரை வளர்த்திருந்தார். நான் கீரை கேட்டபோது எதற்கு என்று மட்டும் விசாரித்தார். காயம் ஆற்றும் மருந்துக்கு என்றதும் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். கடைசிச் சண்டையில் தம்பியின் காலில் ஷெல் துண்டு பட்டபோது, வேறு மருந்தில்லாமல் இந்த இலையைத்தான் கசக்கிக் கட்டினாராம். கால் தப்பிவிட்டது.

"இலைதான் ஆத்தினதோ, தானா ஆறினதோ, எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ, தங்கச்சி."

சொல்லத்தான் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி கன்னோலி இனிப்புடன் நான்கு மாடியும் மூச்சிரைக்க ஏறியபோது, அக்கா எனக்காக அடுத்த கட்டுக் கீரையை அலசிக்கொண்டிருந்தார். பாத்திரத்துத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. பூச்சி போவதற்காகக் கீரையை மஞ்சள் தண்ணீரில் அலசுவது; மதுரையில் எங்கள் வீட்டிலும் அதே பழக்கம்தான். ஆய்வுக்கூடத்தில் நான் மறுபடி கழுவியிருந்தேன். ஆனால் மஞ்சளின் நிறம் தண்ணீரில் எளிதாகப் போகாது, எத்தனாலில் சட்டென்று இறங்கும். நான் சாறு இறக்கியது எத்தனாலில். என் மகா கண்டுபிடிப்பு எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தகட்டில் சுடர்ந்ததும் காயத்தை மூடியதும் மஞ்சளாகவே இருக்கலாம் என்று சொன்னேன். அக்கா தன் தவறென்று வருந்துவார் என்று நினைத்தேன். அவர் யோசனை வேறெங்கோ இருந்தது.

"அங்கை மஞ்சளுக்கு எங்கை போறது. வெறும் இலைதான் வைச்சுக் கட்டினது" என்றார்.

பிறகு பால்கனிக்குப் போய் அலசாத கட்டொன்றைப் பறித்து வந்தார். இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு, அலசியதற்கு மட்டும் ஒரு சிவப்பு நூல் கட்டி என் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் எதையும் ஒளிக்கவில்லை. தலைப்பெழுதிய தாளைக் கிழித்துப் போட்டவர், வெறும் இலையைச் சோதிக்க ஒரு வாரம் தந்தார். அந்த வாரம் போல் நான் படபடத்ததில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கோடு கொஞ்சம் சுருங்கியதுபோலிருந்தது, என் கண்ணை நானே நம்பவில்லை. மூன்றாம் நாள், சாறு விடாத தட்டில் கோடு அகலமாகவே கிடக்க, வெறும் இலையின் தட்டில் இரு கரையும் நெருங்கியிருந்தன. பேராசிரியர் தானே மூன்று முறை அளந்து பார்த்தார். என் ஒப்பந்தம் நீண்டது.

இன்று எனக்கென்று மாணவர்கள் இருக்கிறார்கள். யார் எந்த இலையைக் கொண்டுவந்தாலும் எதில் கழுவினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் தெரியும். அக்கா லண்டன் போய்விட்டார். ஒப்பந்தம் நீண்டதைவிட, அன்று அவருக்குப் போட்ட தொலைபேசி அழைப்பைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். தட்டில் வளரும் செல் வேறு, மனிதக் கால் வேறு என்று முதலிலேயே எச்சரித்துவிட்டு, வெறும் இலையும் ஆற்றுகிறது அக்கா, ஆனால் மெல்லத்தான் என்றேன். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

"ஓம், தங்கச்சி. அவனுக்கும் மெல்லத்தான் ஆறினது."