முந்நூறு ஜிஎஸ்எம் பட்டம்

துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறார் மருதாசலம். இரண்டே தேய்ப்பு. "நூத்தி அறுவது ஜிஎஸ்எம்" என்கிறார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும் என்கிற கணக்கு அது. மற்றவர்கள் துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்துச் சொல்வதை இவர் தேய்த்தே சொல்லிவிடுவார். ஒருமுறை காங்கயம் சாலையில் காரில் போகும்போது, எதிரே பைக்கில் பறந்து வந்தவனுடைய பனியன் காற்றில் படபடத்த சத்தத்தை வைத்தே நூற்று எண்பது என்றார். வண்டியை மறித்து எடை போட்டால் நூற்று எண்பதேதான். இதில் பறந்தது, படபடத்தது எல்லாம் மிகை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பைக் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தது. அவர் இறங்கிப் போய்த் தொட்டும் பார்த்தார். எண் மட்டும் சரி.

ராயபுரத்தில் அறுபது மிஷின் ஓடுகிற பனியன் கம்பெனி அவருடையது. இந்த விரல் பழக்கம் துணியோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் படிக்கும் முன்பே தேய்த்துப் பார்த்துவிட்டு, "தாளு நூத்தி இருபதுதான். பந்தியும் இந்த லட்சணத்துலதான் இருக்கும். ஊட்டுலயே சாப்புட்டுப் போயிரலாம்" என்று மனைவி ரங்காத்தாளிடம் சொல்வார். வேலை கேட்டு வருகிறவர்களின் சான்றிதழுக்கும் இதே மரியாதைதான்.

பட்டம் என்றால் அதற்கு ஒரு கட்டடம் வேண்டும் என்பது அவர் கட்சி. "செவுரு இல்லாத காலேஜுல படிக்கறதும், சாயம் புடிக்காத துணியும் ஒண்ணுங்க. ஒரு தண்ணிக்குத் தாங்காது." ஆன்லைனில் வாங்கிய பட்டத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர், 'படுத்துட்டே படிச்ச டிகிரி'. கல்லூரிக்குப் போய் வந்தவனிடம் அப்படி என்ன கூடுதலாக இருக்கிறது என்று கேட்டால், விடுதிச் சாம்பாரைத் தின்ற வயிறு, பஸ்ஸில் தொங்கிய கை, வெளியே போ என்றதும் போய் நிற்கிற கால் என்று உறுப்பு உறுப்பாகவே பட்டியல் வரும். தலையைப் பற்றி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

நேர்காணலில் அவர் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான். "அட்டெண்டன்ஸ் குறைஞ்சதுக்கு ஃபைன் கட்டுனயா?" கட்டினேன் என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். "பாருங்க, பையன் காலேஜுக்குப் போயிருக்கறான்!" போகாததற்குத்தானே அபராதம் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல அந்தக் கம்பெனியில் ஆளில்லை.

இவ்வளவு பேசுகிறவர், தம்மிடம் பனியன் வாங்குகிற டென்மார்க் பையரைப் பன்னிரண்டு வருடமாகத் திரையில்தான் பார்த்து வருகிறார். அந்த மனிதருக்கு இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்பதுகூட மருதாசலத்துக்குத் தெரியாது. ஆனாலும் திரையில் அந்தத் தலை ஆடிவிட்டால் இங்கே லட்சம் பனியன் கப்பலேறும். சர்க்கரைக்கு வைத்தியம் போனில். ஆஸ்திரேலியாவில் பேத்திக்குப் பெயர் வைத்தபோது போனுக்குத்தான் திருநீறு பூசினார். "அதெல்லாம் வேற, படிப்பு வேறைங்க" என்பார். எப்படி வேறு என்று கேட்டால் டீ சொல்லிவிடுவார்.

அவருடைய செக்கிங் டேபிளில் ஆறு வருடமாக நின்றுகொண்டு, தைத்து வந்த பனியனில் ஓட்டை தேடுகிறவள் அன்புசெல்வி. ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறாள். ஊர் ஊராக ஆள் ஏற்றி வருவதில் போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த நேரத்தில் காதில் ஒயரை மாட்டி மூன்று வருடம் ஆன்லைனில் படித்து பி.பி.ஏ. முடித்துவிட்டாள். அவள் கேட்பது மெர்ச்சண்டைசர் வேலை. பையருக்கும் தையலுக்கும் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலைதான். ஆனால் உட்கார்ந்து வாங்கலாம். இரண்டு முறை இடம் காலியானது. இரண்டு முறையும் மருதாசலம், "அடுத்த வாட்டி பார்க்கலாங் கண்ணு" என்றார்.

மூன்றாம் முறை காலியானபோது அவள் புரொடக்‌ஷன் மேனேஜர் நூருல்லாவிடம் போனாள்.

"நின்னு நின்னு காலு நரம்பெல்லாம் சுருட்டிக்குச்சுங்கண்ணா. இந்த வாட்டியும் இல்லீன்னா நான் வேலைய உட்டே நின்னுக்கறேன். ஊட்டுல ரெண்டு எருமை இருக்குது. பி.பி.ஏ. படிச்சவ கறந்தா வேண்டாம்னா சொல்லும்?"

நூருல்லா அவள் பெயரையும் நேர்காணலில் சேர்த்துவிட்டார்.

அவளுக்குப் போட்டியாக வந்தவன் பிரதீப். கோவையில் கல்லூரி, மூன்று வருடம் விடுதி. கேண்டீனில் பப்ஸ் என்ன விலை என்று மருதாசலம் கேட்ட உடனே, "வெஜ் பதினெட்டுங்க சார், முட்டை இருவத்திரெண்டு" என்றான். அபராதமும் கட்டியிருந்தான், இரண்டு தடவை. மருதாசலத்தின் மனசுக்குள் அப்போதே அவனுக்கு நாற்காலி போட்டாயிற்று.

"ஏங்கண்ணு, உன்ற காலேஜுல கேண்டீன் உண்டா?" என்றார் அன்புசெல்வியைப் பார்த்து.

"இருந்துச்சுங்க. வேன்ல கடைசி சீட்டு. தெனமும் எங்கம்மா கட்டிக் குடுத்த தயிர்சோறுங்க."

நூருல்லா தம் சிரிப்பை இருமி முடித்தார்.

"சரி, பேப்பரைக் குடுங்க."

ஆபீஸ் கணினியில் இருக்கும் கோமளா இரண்டு சான்றிதழையும் வாங்கி அவர்முன் வைத்தாள். மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டார். முதல் தாளைத் தேய்த்ததும் உதடு கோணியது. "எழுவத்தஞ்சு. மளிகைக்கடை பில்லாட்ட இருக்குது. நெட்டுல இருந்து உருவுன பேப்பருன்னு விரலே சொல்லுது. இதை வெச்சுக்கிட்டு எந்தக் கம்பெனிப் படி ஏறுறது?"

அன்புசெல்வி தரையைப் பார்த்தாள்.

இரண்டாவது தாளில் விரல் வெகுநேரம் நின்றது. நல்ல நூலைத் தொட்டால் வருகிற அந்தப் பெருமூச்சும் வந்தது. "முந்நூறு! என்ன தெம்புங்கறேன்! இதுல செவுரு இருக்குது, மணி அடிச்சிருக்குது, வாத்தியார் திட்டியிருக்கறாரு. வேலை இந்தப் பேப்பருக்குத்தான். நூருல்லா பாய், முடிச்சுருங்க."

"முடிச்சரலாங்க மொதலாளி. அது செல்வியோடதுங்க."

மருதாசலம் கண்ணைத் திறந்தார். பிரதீப் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "எங்க காலேஜுல இன்னும் பட்டமளிப்பு விழா வைக்கலீங்க சார். போன்லதான் அனுப்புனாங்க. வர்ற வழியில ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்தேன்" என்றான்.

"அப்ப உன்னுது?"

"தபால்ல வந்துச்சுங்க" என்றாள் அன்புசெல்வி. "போஸ்ட்மேன் ஊட்டுக்கே வந்து, கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தாருங்க."

கீழே அறுபது மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. மருதாசலம் இக்கட்டில் மாட்டிக்கொண்டார். விரல் தப்பு என்று சொன்னால் நாற்பது வருடமாக அந்த விரல் வாங்கிய நூலெல்லாம் தப்பு. விரல் சரி என்றால் சுவர் போயிற்று. எது போனாலும் பரவாயில்லை, விரலை விட முடியாது.

"கோமளா, ஆர்டர் அடிம்மா. அன்புசெல்வி, மெர்ச்சண்டைசர். படிப்பு பி.பி.ஏ., ரெகுலர் காலேஜ்."

கோமளா அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா பார்க்கறே? ரெகுலர்னே இருக்கட்டும். நாளைக்கு ஆடிட்டுக்கு வாரவன் ஃபைலைப் பொரட்டுவான். பக்கத்துக் கம்பெனிக்காரன் வாயைப் பொத்தோணும். செல்விக்கும் அதுதான் கௌரதை. ஏங்கண்ணு?"

வேலை கைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினால் திங்கட்கிழமை நாற்காலி. பின்னாலிருந்து நூருல்லா தம் தலையை ஆட்டிக் காட்டினார், இப்படித்தான் ஆட்ட வேண்டும் என்பதுபோல. அன்புசெல்வி கணினித் திரையை உற்றுப் பார்த்தாள், செக்கிங் டேபிளில் பார்ப்பது போலவே.

"இல்லீங்க. அது தப்புங்க" என்றாள். "ஆன்லைன்னு போடுங்கக்கா. மூணு வருசம் அந்த வேன்ல குலுங்கிக் குலுங்கிப் படிச்சதுங்க."

மருதாசலம் எழுந்தார். கோமளாவின் நாற்காலிக்குப் பின்னால் போய், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக அந்த 'ரெகுலரை' அழித்தார். பிறகு ஒற்றை விரலை விசைப்பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, 'ஆன்லைன்' எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று தேடத் தொடங்கினார்.