படிவத்தின் கடைசிக் கட்டத்தில் நான் எழுதியது

முதுகலைத் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் துறைப் பேராசிரியை என்னை ஒரு பள்ளியை மதிப்பிட அனுப்பினார். கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் என்னும் ஊருக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூர். அதன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் துணையோடு நன்னடத்தைத் திட்டம் நடந்துவந்தது. பிரம்பை விட்டுவிட்டு, நல்லது செய்யும் பிள்ளையைப் பாராட்டி ஒழுங்கை வளர்ப்பது அதன் நோக்கம். சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்து எழுத, வெளியாள் ஒருவர் வேண்டுமென்று நிறுவனத்தார் கேட்டிருந்தார்கள். ஆடியில் ஒரு முறை, ஆவணிக் கடைசியில் ஒரு முறை போகவேண்டும். "நீ அதிகம் பேசமாட்டாய். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவாய்" என்றார் பேராசிரியை. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

படிவம் நான்கு பக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை, ஓரளவு என்று மூன்று விடைகள். கடைசிப் பக்கத்தின் அடியில் 'பிற குறிப்புகள்' என்றொரு கட்டம்; நான்கு விரல் அகலம் இருக்கும்.

ஆடிக் காற்று கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டிருந்த காலையில் பேருந்தை விட்டு இறங்கினேன். பள்ளியில் மணி அடித்து ஓய்ந்த நேரம். வாசலில் சீருடை அணிந்த ஒரு பெண், மூச்சிரைக்க வந்த இன்னொரு பெண்ணை மறித்து நின்றாள்.

"ஏட்டி, மணி அடிச்சாச்சு. அப்படியே திரும்பிரு."

"இப்பந்தான அடிச்சுது. ஓடி வந்துருதேன்ட்டி."

"ஓடி வந்து? போன மாசம் உன்னாலதான் போளி போச்சு. இன்னைக்கும் நட்சத்திரம் போச்சுன்னா எல்லாரும் என்னையத்தான் வைவாளுவ. போ, வயித்துவலின்னு நான் சொல்லிக்கிடுதேன்."

வந்தவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என்னைக் கடந்து பேருந்து நிறுத்தத்தின் பக்கம் நடந்தாள். பிள்ளைகளின் சண்டை என்று எண்ணி நான் உள்ளே போனேன்.

தலைமையாசிரியர் மகிழ்ச்சியோடு வரவேற்றார். தம் அறைச் சுவரில் ஓர் ஆணியைக் காட்டினார். "இதுலதான் பிரம்பு தொங்கும். இப்பம் காலண்டர் தொங்குது, பாத்தீங்களா?" அவர் சொன்னதில் பொய்யில்லை. அன்று முழுவதும் நான் எந்தப் பிள்ளையும் அடிபடுவதைப் பார்க்கவில்லை. ஓர் ஆசிரியர்கூடக் குரலை உயர்த்தவில்லை. விதிகள் எல்லா வகுப்பிலும் எழுதி ஒட்டப்பட்டிருந்தன. கேட்டால் பிள்ளைகள் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஆம், ஆம் என்று குறித்துக்கொண்டே போனேன்.

எட்டாம் வகுப்பில், காலையில் வாசலில் நின்றவள்தான் வகுப்புத் தலைவி. சுவர் அட்டையில் வரிசையாகப் பச்சைக் காகித நட்சத்திரங்கள். விதியை யாரும் மீறாத நாளுக்கு ஒரு நட்சத்திரம். மாதக் கடைசியில் கூடுதலாகப் பெற்ற வகுப்புக்குக் கடம்பூரிலிருந்து போளி வரும்.

"தாமதமாக வருபவர்களை என்ன செய்வீர்கள்?" என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்.

"எங்க வகுப்புல யாரும் பிந்தி வாரதே இல்லக்கா" என்றாள் தலைவி.

"உள்ள விட்டாத்தான!" என்று கடைசி வரிசையில் ஒருத்தி முணுமுணுக்க, வகுப்பே சிரித்தது.

தலைவி கூச்சப்படவில்லை, எனக்கு விளக்கினாள். பிந்தி வந்தால் விதிமீறல், நட்சத்திரம் போய்விடும். வராமலே இருந்தால் அது விடுப்பு, நட்சத்திரம் போகாது. ஆகவே பிந்தியவர்கள் வராதிருப்பதே வகுப்புக்கு நல்லது. எந்த ஆசிரியரும் இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்திருந்தார்கள்.

வருகைப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பெயருக்கு நேரே பாதிக்குமேல் விடுப்பு. "அது கிடைக்காரர் மகள். இன்னைக்கும் வயித்துவலின்னு வரல" என்றார் வகுப்பாசிரியை. விதைப்புக்கு முன்னால், உரத்துக்காக வயல்களில் ஆட்டு மந்தையை இரவு அடைத்துவைப்பதைக் கிடை போடுவது என்பார்கள். சில நாளுக்கொரு முறை வயல் மாறும். காலையில் பெற்றோருக்குக் கஞ்சி கொண்டுபோய், தாய் கஞ்சி குடித்துவிட்டு வந்து பொறுப்பேற்கும்வரை குட்டிகளைப் பார்த்துவிட்டு அவள் பள்ளிக்கு வரவேண்டும். கிடை தூரத்தில் இருக்கும் நாளில் மணியை எட்டமுடியாது.

மாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது, காலையில் வாசலிலிருந்து திரும்பிப்போன பெண் அங்கேதான் இருந்தாள். தூணுக்குப் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு, வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகலையா?"

"எப்படிக்கா போக? திருப்பி அனுப்பிட்டாளுவன்னு தெரிஞ்சா அப்பா, 'இனிமே போகாத'ம்பாவ. பள்ளிக்கூடம் விட, பிள்ளையளோட பிள்ளையா நானும் போயிருவேன்." பிறகு என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். "நீங்க யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

இரவு விடுதியில் அந்தக் கடைசிக் கட்டத்துக்கான வாக்கியத்தை மூன்று முறை எழுதி அடித்தேன். நான்காவதாக எழுதியது இது: 'எட்டாம் வகுப்பில், காலையில் கிடைக்குச் சென்று வருவதால் தாமதமாகும் மாணவி ஒருத்தியை, நட்சத்திரத்தை இழக்க விரும்பாத உடன் மாணவியரே வாசலிலிருந்து திருப்பி அனுப்புகின்றனர்; பள்ளி முடியும்வரை அவள் பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருக்கிறாள்.' மிகையான ஒரு சொல்லும் அதில் இல்லை. அவள் பெயரும் இல்லை. கொடுத்த வாக்கையும் காப்பாற்றி, கண்டதையும் எழுதிவிட்டோம் என்ற நிறைவோடு உறங்கினேன்.

ஆவணிக் கடைசியில் இரண்டாம் முறை போனேன். வாசலில் மறிப்பவர் யாருமில்லை. ஓர் ஆசிரியை நின்று, பிந்தி ஓடிவந்த பிள்ளைகளுக்கும் வணக்கம் சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதினது பெரிய உதவி" என்றார் தலைமையாசிரியர். "நிறுவனத்துல இருந்து கடிதம் வந்த மறுநாளே விதிய மாத்திட்டோம். பிந்தி வந்தா நட்சத்திரம் போகாது."

"அந்தப் பெண் இப்போது வருகிறாளா, ஐயா?"

அவர் காலண்டரைப் பார்த்தார். "அவ அப்பாவ வரச்சொல்லிப் பேசினேன். வயசுக்கு வந்த பிள்ளை நாள்பூரா ரோட்டோரம் உட்காந்திருக்குன்னு எழுதி வந்தபிறகு, பெத்தவன்ட்ட சொல்லாம இருக்க முடியுமா? மறுநாள்ல இருந்து அனுப்பல."

"நான் பெயர் எழுதவில்லையே."

"கிடை போடுத குடும்பம் இந்த ஊர்ல ஒண்ணுதானம்மா" என்றார் அவர், பொறுமையாக.

வெளியே வந்தபோது வகுப்புத் தலைவி பின்னாலேயே ஓடிவந்தாள். "நான் போயிக் கூப்பிட்டேன்க்கா. 'போளி தின்னாச்சுல்லா, போங்க'ன்னுட்டாவ அவ அப்பா." அழுதுவிடுவாள்போல் இருந்தது. கிடை இருந்த வயலை அவள்தான் கைநீட்டிக் காட்டினாள்.

சாலையை விட்டு இறங்கி, வெடித்துக் கிடந்த கரிசலில் நடந்தேன். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. கிடைக்காரர் வயல் ஓரத்தில், கிடையைச் சுற்றிக் கட்டும் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மகள் குட்டிகள் தின்ன இலைக்குழையைக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளியைப் பற்றி எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"எழுதுனது நெசந்தான?" என்றார் அவர்.

"நிஜந்தான்."

"பெறகென்ன தாயி, உங்க மேல வருத்தமில்ல. பிள்ளை அங்கன இருந்தத ஊரே பாத்துருக்கு. எனக்குத்தான் தெரியல. எத நம்பி இனிமே அனுப்ப?"

"விதியை மாற்றிவிட்டார்கள். இனி யாரும் அவளைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்."

"இப்பம் மாத்திட்டாவ. நாளைக்கு இன்னொண்ணு வைப்பாவ." வலையை இறுக்கிக் கட்டினார். "மழை விழுந்து விதைப்பு ஆரம்பிச்சிட்டா கிடை வீட்டுக்கு வந்துரும். அப்பம் பாப்போம்."

அவள் நிமிரவே இல்லை. நான் பக்கத்தில் போய் நின்றபோது, கட்டுகிற முடிச்சைப் பார்த்துக்கொண்டே, "சொல்லமாட்டேன்னீங்க" என்றாள்.

"உன் பேரை எழுதவில்லையம்மா."

"பேரு எழுதித்தான் தெரியணுமாக்கும்!"

பேருந்துக்குப் போகாமல் பள்ளிக்கே திரும்பி நடந்தேன். விதைப்பு முடியும்வரை பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுக்கவேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். இதை எழுதித் தரவில்லை; வாயால்தான் கேட்டேன். "ஐப்பசி முடியுத வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். பிறகு அவருடைய அறையிலேயே அமர்ந்து இரண்டாவது படிவத்தை நிரப்பினேன். தாமதமாக வருபவர்கள் திருப்பி அனுப்பப்படுகின்றனரா? இல்லை. திட்டத்தின் குறைகள் களையப்பட்டனவா? ஆம். விடைகள் யாவும் உண்மை. கடைசிக் கட்டத்தில் என்ன எழுதினாலும் அது மறுபடியும் அவளைத்தான் காட்டும் என்பதால் வெறுமையாக விட்டேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அந்த ஆண்டு மழை பிந்தியது. புரட்டாசி காய்ந்தே கழிந்தது. ஐப்பசி பாதிக்குமேல்தான் முதல் உழவு ஓடியதாகக் கோவில்பட்டிச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். கார்த்திகையில், யாரும் அனுப்பாமல், நானாகப் போனேன். பேருந்து நிறுத்தத் தூணுக்குப் பின்னால் யாருமில்லை. சாலையின் இருபுறமும் ஈரக் கரிசலில் உளுந்தும் பருத்தியும் முளைவிட்டிருந்தன. கிடை வீடு திரும்பியிருக்கவேண்டும்.

எட்டாம் வகுப்பு ஆசிரியை பதிவேட்டை எடுத்துக் காட்டினார். மாதம் மாறியபோது பெயர்களைப் புதிதாக எழுதியிருந்தார்கள். அவளுக்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டு பெயர்கள் இப்போது அடுத்தடுத்து இருந்தன. "ஐப்பசித் தவணை முடிஞ்ச மறுவாரம் அவ அப்பாவே கூட்டிட்டு வந்தாரு" என்றார் ஆசிரியை மெதுவாக. "பேரு எடுத்தாச்சுன்னதும் கூட்டிட்டுப் போயிட்டாரு."

சுவர் அட்டையில் அன்றைய நட்சத்திரத்தைத் தலைவி ஒட்டிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பில் அன்று எல்லோரும் வந்திருந்தார்கள்.