கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி

சுரங்க முகாமின் ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் 'பள்ளத்தான்' என்று பட்டப்பெயர். மூச்சு முட்டுகிறது என்று யாரையாவது தூக்கி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான். வண்டியை நேரே ஆற்றுப் பள்ளத்துக்கு விடுவான். அங்கே கல்லும் மணலும் தவிர ஒரு மண்ணும் கிடையாது. முதலில் கிறுக்கன் என்றார்கள். பதினொரு பேர் எழுந்து நடந்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

அதை அவன் கற்றுக்கொண்ட விதம் இருக்கிறதே, பகையாளிக்கும் வரக்கூடாது. அப்போது அவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தம்பிக்குத் தானே வேலை வாங்கிக் கொடுத்து, கடலோரத்திலிருந்து ஒரே நாளில் பதினான்காயிரம் அடி உயரத்திலிருக்கும் முகாமுக்கு ஏற்றி வந்தான். மூன்றாம் நாள் தம்பியின் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் களகளவென்று சத்தம். இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இருப்பது ஒரே சாலை. அதுவும் முகாமைவிட இரண்டாயிரம் அடி உயரமான அந்தப் பாழாய்ப்போன கணவாயைத் தாண்டித்தான் போகிறது. தம்பியை லாரியில் போட்டுக்கொண்டு மிதித்தான். கணவாய் உச்சியில் சத்தம் நின்றது.

"ஏன்யா மேல ஏத்தினே?" ஆஸ்பத்திரி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "மேல போகப்போகக் காத்தோட அழுத்தம் குறையும். ஆக்சிஜன் ரத்தத்துல ஏறாது, நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மூவாயிரம் அடி கீழ இறக்கியிருந்தா பிழைச்சிருப்பான்."

இதைத் தம்பி மனைவியிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "யார் கையிலயும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா" என்று பச்சைப் பொய் சொன்னான்.

இரண்டு வருடம் கழித்து, அவன் ஆம்புலன்ஸுக்கு மாறியிருந்தபோது, முகாம் சமையலறையில் அவளுக்கே வேலை கிடைத்தது. "வழியில ரெண்டு ராத்திரி தங்கி வாம்மா" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னான். கம்பெனி வேன் கேட்டால்தானே! ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் அவள் உதடு நீலம் பாரித்தது. நெஞ்சில் அதே களகள.

வண்டி மூவாயிரம் அடி கீழே இருந்த ஆற்றுப் பள்ளத்துப் பக்கம் திரும்பியதும் அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா... ஆஸ்பத்திரிக்கு..."

"பேசாதேம்மா. நான் சொல்றதைக் கேளு."

மதியத்துக்குள் அவள் உதட்டில் நிறம் திரும்பியது. நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"இங்க டாக்டர் யாரும் இல்லையே மாமா."

"இல்லம்மா."

"மருந்தும் குடுக்கலை."

"கீழ இறங்கினா சரியாயிடும்."

அவள் அவனையே பார்த்தாள். "அப்போ அவரை?"

அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "மேல ஏத்திட்டேம்மா. நான்தான்."

அவள் கதறினாள். கதறுவதற்கு அவளுக்கு இப்போது மூச்சு இருந்தது.