சுருட்டுப் பெட்டியும் தோள் பட்ட மரமும்

சுருட்டுப் பெட்டியில் கிட்டார் செய்கிறவனுக்கு ஒரு மரத்தைப் பார்த்தால் அது என்னவாகும் என்பது உடனே தெரிந்துவிடும்; அது என்னவாக இருந்தது என்பதுதான் தெரியாது.

வீதியோரம் கிடக்கிற பலகையைக் கண்டு சைக்கிளை நிறுத்துகிறவர்களுக்கும், பிறகு அதை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவது என்று வாசலில் நின்று யோசிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. கல்முனையில் நாற்பது வருடம் ரேடியோ திருத்தினேன். திருத்துவதற்கு ரேடியோ இல்லாமற்போன பிறகு இந்த வேலையை நானாகவே பழகிக்கொண்டேன். பெட்டி உடம்பு, நீளக் கட்டை கழுத்து, மேலே மூன்று கம்பி. அவ்வளவுதான் சாமான். இந்த வேலையால் என் ஒரே மகள் ரிஸ்னா ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. அவளுடைய உம்மா ஜெமீலா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அதன் பிறகு, சாப்பாடு ஆறுகிறது வாங்க என்று என்னைக் கூப்பிடுகிற குரல் ரிஸ்னாவுடையது ஒன்றுதான்.

முதல் பெட்டி

காரைதீவு மூர்த்தி அறுகம்பேயில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். கிழமைக்கொரு தரம் வீட்டுக்கு வரும்போது கல்முனை வரைக்கும் வந்து என் ரேடியோக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். ஒருநாள், வெள்ளைக்காரர் ஒருவர் அறையில் விட்டுப்போனதென்று ஒரு சுருட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். மெல்லிய பலகை, பித்தளைப் பூட்டு, திறந்தால் இனிப்பு வாசம். ஆணி போட்டுவைக்க வாங்கினேன். விரலால் தட்டினேன். அது சும்மா இருக்கவில்லை, பதில் சொன்னது. மாலைக்குள் உடைந்த கட்டில் சட்டம் ஒன்றை அதில் பூட்டி, சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து ஒரு இழை கட்டினேன். பூனை வாலை மிதித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. எனக்கு அது பெரிய வெற்றி.

பிறகு பெட்டிகள் சேர்ந்தன. பிஸ்கட் டின், தேயிலைப் பெட்டி, இடித்த வீடுகளின் ஜன்னல் சட்டம் எல்லாம் வீட்டின் பின்பக்கத் தாழ்வாரமான பத்தியில் குவிந்தன. ஜெமீலா அப்போது நல்ல சுகமாக இருந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தக் குவியலைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவள் சொன்ன இரண்டில் எது இன்றைக்கும் வீட்டில் கிடக்கிறது என்பதை யோசிக்க நான் விரும்புவதில்லை. "ஒண்டு இந்தக் குப்ப இரிக்கணும், இல்லாட்டி நான் இரிக்கணும் இந்த ஊட்டுல."

எலும்பு

கம்பிகள் தலைப்பக்கம் ஏறி இறங்கும் இடத்தில் கடினமான சின்னக் கட்டை ஒன்று வேண்டும். அதற்கு மாட்டெலும்பைப் போல் எதுவும் இல்லை. இறைச்சிக் கடையில் சும்மா கிடைக்கும். சுண்ணாம்பில் அவித்து, வெயிலில் காயவைத்து, அரத்தால் ராவினால் பால்போல வெள்ளையாக வரும்.

பென்சன் எடுத்த சங்கீத வாத்தியார் ஒருவர் வீரமுனையிலிருந்து வந்தார். நல்ல பக்திமான், மச்சம் மாமிசம் தொடாதவர். ஒரு கிட்டாரை மடியில் வைத்து மெதுவாக மீட்டிப் பார்த்தார். அந்த வெள்ளைத் துண்டைத் தடவித் தடவி, தந்தமா என்று கேட்டார். தலையை ஆட்டியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். கையைச் சுட்டதுபோல் எடுத்தார். பிறகு சிரட்டையில் ஒன்று ராவி மாற்றிக் கொடுத்தேன், கொண்டுபோனார். போகும்போது என்னைத் திட்டவில்லை. கவலையோடுதான் சொன்னார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா நான் சந்தோசமா வாசிச்சிருப்பன் நானா. தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி இருக்க ஏலாதே."

கம்பி இல்லாத கிட்டார்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறான். மகள் வளர்ந்தால் வீடு அவளுக்குச் சீதனமாகிறது. நான் முப்பத்தெட்டு வருடம் ஜெமீலாவின் வீட்டில் இருந்தேன். இப்போது ரிஸ்னாவின் வீட்டில் இருக்கிறேன். இடையில் நான் ஒரு கதிரையைக்கூட இடம் மாற்றவில்லை, ஆனால் வீடு மாறிவிட்டது. மனைவி போனபின் ஆண் தன் சகோதரி வீட்டுக்குத் திரும்புவதும் வழக்கம்தான். சம்மாந்துறையில் இருக்கும் என் ராத்தா கூப்பிட்டுக்கொண்டேயிருந்தா. ரிஸ்னாதான் விடவில்லை.

மருமகன் தங்கமானவர். தொழுகை, மார்க்கம் எல்லாவற்றிலும் கண்டிப்பு. நரம்பு வாத்தியம் வீட்டில் இருப்பது கூடாது என்பது அவர் படித்தது. அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று அவர் பட்ட பாட்டை நான் ஆறு மாதம் பார்த்தேன். பத்திப்பக்கம் வருவார், இருமுவார், போய்விடுவார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு உடுத்த சட்டையோடு வந்து, பெட்டி செய்வதும் மரம் செதுக்குவதும் நல்ல கைத்தொழில்தான் என்று தொடங்கினார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தவரைப்போல முகம் தெளிந்து கேட்டார். "மாமா, கம்பிய மட்டும் கட்டாம வித்தா என்ன?"

வழுவழுத்த கட்டை

இந்த வேலையில் கழுத்துக்குத்தான் பாடு அதிகம். நேரான, வைரமான மரம் வேண்டும். கை ஏறி இறங்கும் பக்கத்தை நாள்கணக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். சென்ற வருடம் பழைய பலகை விற்கும் கடை ஒன்றில், சிமெந்து ஒட்டிய சட்டங்களுக்கு அடியில், ஒரு நீள முதிரைக் கட்டை கண்டேன். பச்சைப் பெயின்ற் உரிந்திருந்தது. ஒரு பக்கத்தில் வெடிப்பை மூடிச் செப்புத் தகடு அடித்திருந்தது. மற்றப் பக்கம், ஒரு முழ நீளத்துக்கு, கண்ணாடிபோல் வழுவழுப்பு. பழைய ஏணியோ, தோணிச் சாமானோ என்று நினைத்தேன். கடைக்காரருக்கும் தெரியவில்லை, யாரோ இடித்த இடத்திலிருந்து லொறியில் வந்ததென்றார்.

இரண்டாக அறுத்தேன். வழுவழுத்த பாதியைக் கழுத்தாக்கினேன். அந்த முழ நீளத்துக்கு உப்புத்தாள் தேவைப்படவே இல்லை. சைக்கிள் கம்பியை வெட்டி, விரல் அழுத்துகிற இடங்களில் குறுக்கே பதினெட்டுக் கட்டு இறக்கினேன். நான் செய்ததில் அதுதான் ஆகச் சிறந்தது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். மூர்த்தி வந்ததும் வாங்கி, சமையல்காரரின் தடித்த விரலால் கழுத்தை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். ஹோட்டலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டிருக்கிறா என்று கொண்டுபோனார். போகும்போது சொன்னார். "கை தானா வழுக்கிக்கொண்டு போகுது நானா. இதை ஆரோ ஏற்கெனவே பழக்கி வச்சிருக்காங்க."

மோதினார் வந்த நாள்

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் என் பழைய கூட்டாளி. ஒலிபெருக்கி கரகரக்கிறதென்று பார்க்கக் கொண்டுவந்தார். நான் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் பத்தி மூலையில் கிடந்த மற்றப் பாதியைத் தூக்கினார். செப்புத் தகட்டைப் பெருவிரலால் தேய்த்தார். இந்தத் தகட்டை அடித்தது தான்தான் என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் மெல்ல மெல்லச் சொன்னார். பள்ளிக்குப் புது எவர்சில்வர் சந்தூக்கு வந்தது. மௌத்தானவர்களின் உடலை, மையத்தை, தூக்கும் பழைய மரச் சந்தூக்கைக் கழற்றிப் பின்கொட்டிலில் வைத்தார்கள். கொட்டிலை இடித்தபோது வேலையாட்கள் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். இது அதைத் தோளில் தூக்குகிற கைமரம்.

ஜெமீலாவை அந்தப் பழைய சந்தூக்கில்தான் கொண்டுபோனோம். முன்பக்க வலது கைமரம் என் தோளில் இருந்தது. அந்த வழுவழுப்பு எத்தனை வருடத்துத் தோள்களால் வந்ததோ, அதில் என் தோளும் ஒன்று. என் தோள் பட்ட மரத்தை என் கை அறியவில்லை. பள்ளிச் சாமானில் கைவைத்த பாவம் உங்களுக்கு வராது, தெரியாமல்தானே என்று மோதினார் ஆறுதல் சொன்னார்; இரண்டு துண்டையும் தந்தால் மையவாடி மூலையில் புதைத்துவிடலாம் என்றும் சொன்னார். அப்போதுதான் குசினி வாசலில் ரிஸ்னா நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. மற்றத் துண்டு எங்கே என்று கேட்டாள். விற்றுவிட்டேன் என்றேன். அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. "கொண்டு வாங்க வாப்பா. கொண்டு வந்த பொறகு கதப்பம்."

ஒன்பது நாள்

மூர்த்திக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெண் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு மலைநாடு பார்க்கப் போய்விட்டா, திரும்பி வருவா, ஆனால் எப்போது என்று தெரியாது என்றார். வராமல் அப்படியே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. மூடிவைத்த சோற்றுக் கோப்பையைப் பத்திப் படியில் வைத்து, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். அந்தத் தட்டுத்தான் 'வாப்பா'. நான் கோப்பையைத் திறந்துவைத்துக்கொண்டு வெறுமனே இருப்பேன். நாற்பது வருடம் மற்றவர்களின் ரேடியோவுக்குச் சத்தம் வரவைத்தவன், இந்த ஊமைக்கு எங்கே பிழை என்று தெரிந்தும் கைவைக்க முடியாமல் இருந்தேன். மருமகன்தான் இடையில் ஓடித் திரிந்தார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, வெட்கப்பட்டுச் சொன்னார். "மாமா, மீன்ல முள்ளு கூடவாம், பாத்துத் தின்னட்டாம்."

அறுகம்பே

ஒன்பதாம் நாள் காலையில் மூர்த்தி கூப்பிட்டார், ஆள் வந்திட்டா என்று. கடையிலிருந்த நல்ல கிட்டார் ஒன்றை மாற்றுக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பொத்துவில் வரை மடியில் அதைக் குழந்தைபோல வைத்திருந்தேன். என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. மூர்த்தி தன் ஹோட்டல் இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னார். நான் இடையில் என் வலது தோளைத் தொட்டுக் காட்டினேன். வேறென்ன செய்வது? அவ உள்ளே போய், கிட்டாரை ஒரு துவாயில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தா. மாற்றுக் கிட்டாரை வேண்டாமென்றா, நான் வற்புறுத்தியதால் எடுத்தா. பிறகு ஒரு கேள்வி கேட்டா. மூர்த்தி திரும்பி, அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்கிறா என்றார். சொன்னேன். 'ஜமிலா, ஜமிலா' என்று இரண்டு தரம் பிழையாகச் சொல்லிப் பார்த்தா. பஸ்ஸுக்கு வரும் வழியில் மூர்த்தி சொன்னார். "இவ்வளவு நாளும் தன்னோட கொண்டு திரிஞ்சிட்டுப் பேர் கேக்காமத் திருப்பித் தாறது சரியில்லையாம் நானா."

வாசல் மட்டும்

மறுநாள் பத்தியில் உட்கார்ந்து கம்பிகளைக் கழற்றி, பெட்டியிலிருந்து கழுத்தைப் பிரித்தேன். பதினெட்டுக் கட்டையும் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பதினெட்டு வெட்டுத் தழும்புகள் மட்டும் எஞ்சின. இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போகும்போது பள்ளியில் ஒப்படைப்பதாகப் பேச்சு. மருமகன் தொப்பி போட்டுக்கொண்டு தூக்க வந்தார். அவருக்கு முந்தி ரிஸ்னா வந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, குனிந்து, இரண்டு துண்டையும் சேர்த்து எடுத்து வலது தோளில் வைத்தாள். நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்றோம். பத்தியிலிருந்து குசினி, குசினியிலிருந்து வீட்டுச் சாலை, அந்தக் கூடத்திலிருந்து முற்றம். அவளுடைய உம்மாவைக் கொண்டுபோன வழி அதுதான். மெதுவாக நடந்தாள். எதிலும் இடிக்கவில்லை.

எங்கள் ஊரில் மையத்துக்குப் பின்னால் பெண்கள் போவதில்லை. உம்மாவைக் கொண்டுபோன அன்றைக்கு அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தூக்கு வீதிக்கு இறங்கியதும் யாரோ அவளைத் தோளில் பிடித்து உள்ளே திருப்பினார்கள். முன்னால் நடந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பிறகு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். இப்போதும் கேற்றடியில் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில். பிறகு தோளைச் சரித்து, கட்டைகளை என் தோளில் மாற்றினாள். ஒன்பது நாளுக்குப் பிறகு என் மகள் என்னோடு கதைத்தாள். "அண்டைக்கு நீங்க எல்லாரும் தூக்கினீங்க வாப்பா. நான் மட்டும்தான் தூக்கல்ல."

இப்போதும் பத்தியில் மூன்று கம்பிதான் கட்டுகிறேன். ஆனால் பழைய மரம் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதற்கு முதல், இதுவரைக்கும் எதைச் சுமந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், கடைக்காரர்கள் எனக்கு வயதாகிவிட்டதென்று நினைத்து விலையைக் கொஞ்சம் குறைக்கிறார்கள்.