துறைமுகம் திறந்த கப்பலின் காவலாளி

லண்டனில் ஓர் அருங்காட்சியகக் காவலாளி அவர். நரைத்த மீசை, உடம்புக்குப் பெரிதான சீருடை. கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான். யாராவது வழி கேட்டால் நாடியை உயர்த்தித் திசை காட்டுவார்.

எல்லாரும் போர்க்கப்பல்களைப் பார்க்கப் போக, அவர் ஒரு சரக்குக் கப்பலின் மாதிரி உருவத்தருகே நின்றார். உலகப் போரில் பாரந்தூக்கியும் பட்டறையும் பொருத்தி, குண்டு விழுந்த துறைமுகங்களைத் திருத்த அதை அனுப்பினார்களாம். பிறகு பழையபடி சரக்கு ஏற்றி, கடைசியில் பழைய இரும்புக்காக உடைபட்டதாம்.

முகம் எங்கள் ஊர் முகமாக இருந்ததால் தமிழிலேயே கேட்டேன். "இது எத்தனை கப்பலை மூழ்கடிச்சது, அண்ணை?"

"ஒண்டையும் மூழ்கடிக்கேல்லை. மூழ்கினதுகளைத் தூக்கி வழி விட்டது." குரலைத் தணித்தார். "ஊரிலை சண்டை நேரம், எங்கட துறைமுகத்திலை நேவிக் கப்பல் மூழ்கின அண்டைக்கு நான் கரையிலை நிண்டு கைதட்டினனான். அது வாசலை அடைச்சுக்கொண்டு கிடந்தது. பிறகு அரிசிக் கப்பல் வர ஏலேல்லை. பட்டினி கிடந்தது எங்கட சனந்தான்."

தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?"

"கொழும்பிலை" என்றேன்.

"குடுத்து வைச்சனீங்கள்."

அதே கரையில் நின்று கைதட்டியவன் நான். அவர் பார்வை படாமல் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டேன்.