டிஷ்யூவில் மடித்த நன்மை

ஆன்ட்டி டிஷ்யூவை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்ததைச் சர்ச்சின் புரொஜெக்டர் மேசையிலிருந்து பார்த்தேன். அந்த டிஷ்யூவுக்குள் நற்கருணை அப்பம் இருந்தது. அரை நிமிடத்துக்கு முன்னால்தான் ஃபாதர் அதைத் தன் கையால் அவருக்குக் கொடுத்திருந்தார்.

நாங்கள் அதை நன்மை என்போம். வாங்கியவர் அந்த இடத்திலேயே வாயில் போட வேண்டும். வீட்டுக்கெல்லாம் எடுத்துப்போகக் கூடாது. ஞானஸ்நானம் பெறாதவர்கள் வாங்கவே கூடாது. ஆன்ட்டி இந்து. இரண்டு விதியும் ஒரே நிமிடத்தில் காலி.

யாரோ ஒரு ஆன்ட்டி என்றால் எனக்கு இவ்வளவு வியர்த்திருக்காது. இவர் என் அக்கா கட்டிக்கொள்ளப் போகிறவரின் அம்மா. சாஆ என்ற சின்ன ஊரிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் தானே காரோட்டி வந்திருந்தார். அவருடைய மகனுக்கு சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை, அன்றைக்கு எல்லைப் பாலத்து ஜாமில் மாட்டிக்கொண்டார். பூசை முடிந்ததும் ஆன்ட்டி ஃபாதரைப் பார்த்துக் கல்யாணம் எங்கே என்று முடிவு சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்ததே. எட்டு மாதமாக அவர் சொன்ன ஒரே பதில், "எங்க பையனுக்கு எங்க கோயில்லதான்." ஆயர், அதாவது பிஷப், கொடுக்கும் அனுமதியோடு சர்ச்சில் நடக்காவிட்டால் அக்கா அதன்பிறகு நன்மை வாங்க முடியாது. வாராவாரம் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசகம் படிக்கிறவள், எல்லாரும் வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்து அவள் அழுததை நான் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டிருக்கிறேன்.

இதில் என் வேலை ஒன்றே ஒன்றுதான். ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்ல வேண்டும். வரிசையில் போனால் கைகளை மார்பில் குறுக்காக வைக்கச் சொல்ல வேண்டும், அப்போது ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார். அக்கா காலையில் மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். நான் என்ன செய்தேன்? புதுக் கணினியில் பாட்டு வரிகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று யாரோ கத்த, ஹீரோ மாதிரி எழுந்து ஓடினேன். எழுத்துருவைச் சரிபண்ணி முடித்தபோது பாதிப் பூசை போய்விட்டது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் கணினி தெரியாது என்ற திமிர்.

ஆன்ட்டியின் பெஞ்சு முறை வந்ததும், வரிசையை ஒழுங்குபடுத்துகிற வார்டன் அங்கிள் கையசைத்தார், மொத்த வரிசையும் எழுந்தது, ஆன்ட்டியும் எழுந்தார். ஃபாதர் முன்னால் நின்று இடது கைமேல் வலது கையை வைத்துக் குழித்து நீட்டினார், கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல. அவ்வளவு பக்தியாகக் கைநீட்டுகிற ஆளை எந்த ஃபாதர் சந்தேகப்படுவார்?

வார்டன் அங்கிள் என் மேசைக்கு வந்து குனிந்து காதில் சொன்னார்.

"பாத்தியா? பையில போட்டுட்டாங்க."

"பாத்தேன் அங்கிள். நான் பாத்துக்கிறேன்."

"நீ என்ன பாக்குறது? இது வெளையாட்டு இல்ல லா. எதுக்கு எடுத்துட்டுப் போறாங்கன்னு யாருக்குத் தெரியும்? சூனியம் கீனியம் வெக்கிறவங்க இருக்காங்க. நான் போயி பையத் தெறக்கச் சொல்றேன்."

"அலமாக், அங்கிள்! அவங்க அக்காவோட மாமியார்."

"யாரா இருந்தா என்னா? உள்ள இருக்கிறது ஆண்டவரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் பிரச்சினையே. முந்நூறு பேர் முன்னால் அந்தப் பையைத் திறக்கச் சொன்னால் கல்யாணம் அங்கேயே முடிந்தது. சொல்லாவிட்டால் பை சாஆவுக்குப் போய்விடும். "கடைசிப் பாட்டு வரைக்கும் டைம் குடுங்க" என்றேன். அவர் போய் வாசல் கதவை மறித்து நின்றுகொண்டார்.

நான் மேசையை விட்டு எழுந்து நடுவழியில் நடந்தேன். திரையில் முந்தைய பாட்டே நின்றுபோக, பாடகர் குழு ஒன்று பாட, சபை இன்னொன்று பாடியது. அறிவிப்புத் தாளோடு வாசக மேடையில் நின்ற அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கல்லூரி முடித்த யாரையும் அப்படிப் பார்க்கக் கூடாது.

ஆன்ட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆன்ட்டி, அது எங்களுக்கு மட்டும்தான். பையில வெக்கக்கூடாது. குடுத்துடுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. அடிபட்ட மாதிரி ஒரு முகம்.

"எங்க வீட்டுக்காரருக்குத்தாம்மா. படுக்கையில இருக்காரு இல்ல? கோயிலுக்கு வர முடியாதவங்களுக்கு நாமதானே கொண்டு போகணும்?"

அவருடைய கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு வருடமாகிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிப் பேசினேன்.

"நானாக் கேக்கல. கைய நீட்டுனேன், சாமி குடுத்தாரு. குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குறது என்னா பழக்கம்?"

"ஆன்ட்டி, நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்…"

"உன்கிட்ட தரமாட்டேன். குடுத்தவர் வந்து கேக்கட்டும்."

கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இறுதி ஆசீர் முடிந்து எல்லாரும் எழுந்தபோதும் அவர் எழவில்லை. வார்டன் அங்கிள் வாசலிலிருந்து எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான் ஆன்ட்டியின் கையைப் பிடித்துப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஃபாதர் உடை மாற்றும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆமாம், இழுத்துக்கொண்டு. அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"என்னாடி பண்ண? அத்தைய ஏன் இழுக்கிற?"

சொன்னேன்.  அவள் எங்களைத் தாண்டிப் போய் அறைக்கதவைத் தட்டினாள்.

எங்கள் ஃபாதர் போன் மணி அடித்தாலே பிரசங்கத்தை நிறுத்தி முறைக்கிறவர். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பாதி கழற்றிய அங்கியோடு அப்படியே நின்றார்.

"அம்மா, தப்பு என்மேலதான். நீங்க வாயில போடுறீங்களான்னு நான் நின்னு பாத்திருக்கணும். மன்னிச்சிடுங்க."

ஆன்ட்டி அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பையைத் திறக்கவில்லை.

"ஏன் சாமி, பிரசாதத்த வீட்டுக்குக் கொண்டு போனா குத்தமா?"

"இது பிரசாதம் இல்லம்மா. எங்களுக்கு இது அவரேதான். அடையாளமா வெச்சிக்கிறது இல்ல. கடவுளே."

"அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் நல்லதுதானே?"

ஃபாதருக்கு ஏழு வருட குருமடப் படிப்பு. அதில் இந்தக் கேள்வி வந்ததில்லை போல.  அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லதுதான்மா," என்றார் கடைசியில். "ஆனா அவரு யாருன்னு தெரிஞ்சு நம்பி, ஞானஸ்நானம் வாங்கி, அப்புறந்தான் எங்காளுங்களுக்கே குடுக்கிறோம். உங்க வீட்டுக்காரர் வாயில நீங்க வெச்சா, அவருக்கு என்னா நடக்குதுன்னே தெரியாது. அது அவருக்கும் மரியாத இல்ல. நான் குடுத்திருக்கக்கூடாது. என்கிட்டயே குடுத்திடுங்க. கெஞ்சிக் கேக்கிறேன்."

ஆன்ட்டி ஜிப்பைத் திறந்து டிஷ்யூவை நீட்டினார். ஃபாதர் பிரித்து, அப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்மூடி நின்றார். பிறகு அந்த டிஷ்யூவையும் விடவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதை முக்கி, விரல்களையும் கழுவினார். ஒட்டியிருக்கும் துகள்கூடக் குப்பையில் போகக் கூடாது.  ஆன்ட்டி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பரக்கூட விடமாட்டீங்களா?"

"விடமாட்டோம்மா."

அதற்குள் வார்டன் அங்கிள் கதவில் தலையை நீட்டினார். "கெடச்சிடுச்சா ஃபாதர்?" என்றார், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி. ஃபாதர் திரும்பாமலே, "அங்கிள், வெளிய இருங்க," என்றார். ஆன்ட்டிக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னைய அப்படியா நெனச்சாங்க?"

 அக்கா போய் அவர் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "அத்தை" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். ஆன்ட்டி அவள் தலையில் கையை வைக்கவுமில்லை, அவளைத் தள்ளவுமில்லை.

"கல்யாணத்தப் பத்தி இன்னிக்கு நான் பேசல," என்றார் ஃபாதரிடம். "வெறுங்கையோட வீட்டுக்குப் போறேன். நீங்க வாங்க. எதுக்குத் திருப்பி வாங்குனீங்கன்னு அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

வியாழக்கிழமை ஃபாதரையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு சாஆவுக்கு நான்தான் காரோட்டினேன். அது எனக்குத் தண்டனை என்று அக்கா சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. யோங் பெங் ஊரைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் வந்தது. ஃபாதர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார்.

அந்த வீட்டின் முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில். ஃபாதர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, வாய் கோணிய அந்த மனிதரிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். படுத்திருந்தவர் முடங்காத பக்கத்துக் கையைத் தூக்கி ஃபாதரின் மணிக்கட்டைப் பிடித்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடவே இல்லை. ஃபாதர் குனிந்தபடியே இருந்தார், முதுகு வலித்திருக்கும்.

ஆன்ட்டி சமையலறை வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"பரிசம் இங்க எங்க முறையில. தாலி உங்க சர்ச்சுல. ரெண்டுல ஒன்னு கொறஞ்சாலும் கல்யாணம் இல்ல. சரியா சாமி?"

"ஆயருக்கு இன்னிக்கே எழுதுறேன்மா."

"எழுதுங்க. அந்தக் கதவுகிட்ட நின்ன ஆளு மட்டும் கல்யாணத்துக்கு வரக்கூடாது."

ஃபாதர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். வார்டன் அங்கிள்தான் அக்காவின் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தில் அவளுக்கு அப்பா இடத்தில் நின்றவர் என்று ஆன்ட்டியிடம் சொல்ல எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அன்றைக்குத் தைரியம் வரவில்லை.